பந்தலுக்குள் வெயில்: பன்னீர் திராட்சையில் கொடி படர்த்தலும் கவாத்தும்

இந்தப் பருவத்தில் ஒரு கொடி எத்தனை குலை தரும் என்பது இந்தப் பருவத்தில் முடிவாவதில்லை. போன கவாத்துக்குப் பிறகு விட்ட கிளையில், ஒவ்வோர் இலைக்காம்பின் அடியிலும் இருந்த மொட்டுக்குள் அது அப்போதே முடிவாகிவிட்டது. கத்தரியை எடுத்துக்கொண்டு பந்தலுக்குள் நுழையும் நாளில், ஏற்கெனவே குலை உருவான மொட்டுகளை அடையாளம் கண்டு மிச்சம் வைக்கலாம். புதிதாகக் குலையை உண்டாக்க முடியாது. அந்த வேலை பல வாரங்களுக்கு முன்பே, பந்தலுக்குள் வெயில் இறங்கியதா இல்லையா என்பதில் நடந்து முடிந்திருக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை போடுபவர்களுக்கு இது மற்றவர்களைவிட முக்கியம். மகாராஷ்டிரத்தில் நாசிக், சாங்கிலி பக்கம் விதையில்லாத் திராட்சை வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு இரண்டு கவாத்து செய்கிறார்கள். ஏப்ரலில் செய்வது கிளை வளர்ப்பதற்கு. அக்டோபரில் செய்வது காய்ப்பதற்கு. மொட்டு உருவாவதற்கென்றே குலைச்சுமை இல்லாத சில மாதங்கள் அவர்களுக்குக் கிடைக்கின்றன. நம் பன்னீர் திராட்சைக்கு அந்த ஓய்வு கிடையாது. ஒவ்வொரு கவாத்துக்கும் காய்க்கும் ரகம் இது. டிசம்பர், ஜனவரியில் வெட்டினால் ஏப்ரல், மேயில் அறுவடை. மே, ஜூனில் வெட்டினால் ஆகஸ்ட், செப்டம்பரில் அறுவடை. ஒரே கிளை கீழே குலையைப் பழுக்கவைத்துக்கொண்டே அடுத்த பருவத்துக் குலையையும் மொட்டுக்குள் கட்டிக்கொண்டிருக்கும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அடுத்த கவாத்தில் நாம் வைக்கப்போவது கிளையின் அடியிலிருந்து நான்கு கணு. நுனிப் பக்கத்து மொட்டுகள் நல்ல வெயில் குடித்து வளர்ந்தாலும் அவற்றை வெட்டி எறிந்துவிடுகிறோம். மிச்சம் வைக்கும் அடி மொட்டுகளோ பின்னால் வந்த இலைகளுக்குக் கீழே, பக்கக் கிளைகளின் நெரிசலுக்குள் புதைந்து கிடந்தவை. பந்தலில் அதிக இருட்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் நமக்கு வேண்டிய மொட்டு இருக்கிறது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த நான்கு மொட்டுகளுக்கு வெளிச்சம் காட்டுவதைப் பற்றியது.

மொட்டுக்குள் நடப்பது

திராட்சை மொட்டின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு புடைப்பு உண்டாகிறது. அது பூங்கொத்தாகவும் ஆகலாம், பற்றுச் சுருளாகவும் ஆகலாம். வெளிச்சம், வெப்பம், கிளையில் சேர்ந்த மாவுச்சத்து மூன்றும் போதிய அளவு இருந்தால் கொத்து. நிழலில் கிடந்தால் சுருள். கவாத்து செய்து ஏறக்குறைய 40 முதல் 60 நாளுக்குள், அடி மொட்டுகளில் முதலிலும் மேல் மொட்டுகளில் பிறகுமாக, இந்த முடிவு எடுக்கப்படுகிறது.

இதற்கு அத்தாட்சி உங்கள் தோட்டத்திலேயே கிடைக்கும். துளிர்த்து ஐந்தாறு இலை விட்ட தளிர்களைப் புரட்டிப் பாருங்கள். இலைக்கு எதிர்ப்பக்கம் சில தளிர்களில் முழுக் கொத்து இருக்கும். சிலவற்றில் வெறும் சுருள் இருக்கும். இன்னும் சிலவற்றில் ஒரு கவை சுருளாக வளைந்தும், மறு கவையில் நாலைந்து பூமொட்டு ஒட்டிக்கொண்டும் நிற்கும். போன பருவத்தில் பாதி வெளிச்சம் கண்ட மொட்டு அது. அப்படிப்பட்ட அரைகுறைக் கொத்துகள் பந்தலின் எந்தப் பகுதியில் அதிகம் என்று கவனியுங்கள். கொடி அடர்ந்து கிடந்த இடம் எது என்று அதுவே சொல்லிவிடும்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பட்ரோஸ் என்ற ஆய்வாளர் 1960களின் இறுதியில், வெளிச்சத்தையும் வெப்பத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் அறைகளில் திராட்சைக் கொடிகளை வளர்த்துப் பார்த்தார். வெளிச்சம் கூடக் கூட மொட்டுக்குள் கொத்துகள் கூடின. அவர் பயன்படுத்திய கொடிகளில் ஒன்று மஸ்கட் ஆப் அலெக்சாண்ட்ரியா. நாம் பன்னீர் திராட்சை என்று அழைக்கும் மஸ்கட் ஹாம்பர்க்கின் பெற்றோரில் ஒன்று அது. அதே பத்தாண்டில் நியூயார்க் மாநிலத்தின் ஜெனிவாவில் நெல்சன் ஷாலிஸ், அடர்ந்து கிடந்த கொடிகளை இரண்டு திரைகளாகப் பிரித்துத் தொங்கவிட்டார். நிலமும் கொடியும் அப்படியே இருக்க, அடி மொட்டுகள் வெயிலைப் பார்த்ததில் விளைச்சல் ஏறியது.

வெயில் எவ்வளவு இறங்குகிறது என்பதற்கு ஒரு கணக்கு. ஒளிச்சேர்க்கைக்கு உதவும் வெளிச்சத்தில் ஒரு திராட்சை இலை தன்னைத் தாண்டி விடுவது நூற்றில் ஆறு பங்கு அளவுதான். அதற்கடியில் இன்னோர் இலை ஒட்டிக் கிடந்தால், அதைத் தாண்டி ஒரு பங்குகூட மிஞ்சாது. மூன்றாம் அடுக்கில் கிடக்கும் இலைக்குத் தன் சுவாசத்துக்கு வேண்டிய உணவைக்கூடச் செய்ய முடியாது. இன்னொரு பக்கம், முழு வெயிலில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே திராட்சை இலை தன் முழு வேகத்தில் வேலை செய்யும். அதற்கு மேல் விழும் வெயில் அந்த இலைக்கு வீண். ஆகவே மேல் இலைகளில் கொட்டி வீணாகும் வெயிலை இடைவெளி வழியாகக் கீழே இறக்கிவிடுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

முதல் ஆண்டிலேயே பாதை போடுங்கள்

பந்தல் என்பது தலைக்கு மேல் கிடைமட்டமாக விரிந்த இலைக்கூரை. கம்பம் 10 பாகைக்குச் சற்றுக் குறைவான வடக்கில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேலேயே விழும். மற்ற மாதங்களிலும் பெரிதாகச் சாயாது. கிடைமட்டப் பந்தல் இந்த வெயிலுக்குப் பொருத்தமானது. குலைகள் இலைக்குக் கீழே தொங்குவதால் வெந்தும் போகாது. ஆனால் கூரையில் ஓட்டையே இல்லாமல் போனால் இந்த நன்மை முழுவதும் கெட்டுவிடும்.

பன்னீர் திராட்சைக்கு 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளி பரிந்துரை. ஒரு கொடிக்குப் பந்தலில் கிடைப்பது சுமார் 65 சதுர அடி. அந்தப் பரப்பை எந்த வரிசையில் நிரப்புகிறோம் என்பதே படர்த்தல்.

நட்ட குச்சி துளிர்த்ததும் நேராகவும் திடமாகவும் வரும் ஒரு தளிரை மட்டும் வைத்து, கம்பு ஊன்றிக் கட்டுங்கள். பக்கத் தளிர்களை இளசிலேயே கிள்ளிவிடுங்கள். தண்டு பந்தல் மட்டத்தை எட்டியதும் நுனியைக் கிள்ள வேண்டும். பலர் இங்கே பொறுமை இழக்கிறார்கள். பந்தலில் ஏறிய கொடி சரசரவென்று ஓடுவதைப் பார்த்து மகிழ்ந்து, பத்துப் பதினைந்து அடி ஓடவிட்டுவிடுகிறார்கள். அப்படி ஓடிய கொடியில் நடுப்பகுதி மொட்டுகள் தூங்கிப்போய், நுனியில் மட்டும் கிளை வெடிக்கும். பிற்காலத்தில் தண்டைச் சுற்றி மொட்டையாகவும் ஓரத்தில் புதராகவும் கிடக்கும் பந்தல்களுக்கு இதுதான் காரணம்.

கிள்ளிய இடத்துக்குக் கீழே வரும் தளிர்களில் இரண்டை எதிரெதிர்த் திசையில் விடுங்கள். இவை முதல் கைகள். ஒவ்வொரு கையும் ஆறேழு இலை விட்டதும் மறுபடி நுனி கிள்ளுங்கள். கிள்ளிய இடத்துக்குக் கீழே பக்கக் கைகள் வரும். நுனித் தளிர் ஒன்றைத் தொடர்ந்து ஓடவிட்டு, மறுபடி ஆறேழு இலையில் கிள்ளுங்கள். விட்டுவிட்டு வளர்க்கும் இந்த முறையில் பந்தல் நிரம்பக் கொஞ்சம் தாமதமாகும். ஆனால் கையின் நெடுக ஒரே சீராகக் கிளைகள் கிடைக்கும். பக்கக் கைகளுக்கு நடுவே ஓர் அடியாவது இடைவெளி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறுபவற்றில் ஒன்றை அப்போதே எடுத்துவிடுங்கள். முற்றிய பிறகு எடுக்க மனம் வராது.

கத்தரி எடுக்கும் நாள்

கவாத்துக்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். பன்னீர் திராட்சைக்கு நான்கு கணுக் கவாத்து என்பது பொதுப் பரிந்துரை. மெலிந்த, முற்றாத கிளைகளை ஒன்று அல்லது இரண்டு கணுவில் வெட்டி, அடுத்த பருவத்துக்குக் கிளை வளர்க்கும் குச்சிகளாக விட வேண்டும். கவாத்துக்கு வரும் ஆட்கள் முதலில் கேட்பதே, “அண்ணே, நாலு கணுவா, அஞ்சு கணுவா?” என்றுதான். பந்தல் முழுவதற்கும் ஒரே பதிலைச் சொல்லாதீர்கள். கிளையைப் பார்த்துத்தான் கணுவைச் சொல்ல வேண்டும்.

வெயிலில் வளர்ந்த கிளையைக் கையில் பிடித்தாலே தெரியும். பென்சில் கனத்தில் உருண்டையாக, நல்ல பழுப்பு நிறத்தில், கணுக்கள் நெருக்கமாக இருக்கும். வெட்டிய வாயில் நடுச்சோறு சிறியதாகவும் சுற்றியுள்ள கட்டை கெட்டியாகவும் இருக்கும். நிழலில் வளர்ந்தது சற்றுத் தட்டையாக இருக்கும். கணுக்களுக்கு இடையே நீளம் அதிகம். பட்டையில் பச்சை மாறியிருக்காது. வெட்டினால் நடுவில் பெரிய, பஞ்சு போன்ற சோறு. இந்தக் கிளையில் நான்கு கணு வைத்தாலும் ஆறு கணு வைத்தாலும் வருவது இலையும் சுருளும்தான். மொட்டுக்கு மேல் சுமார் அரை அங்குலம் விட்டு, மொட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்வாக வெட்டுங்கள். ஒட்டி வெட்டினால் மொட்டு காய்ந்துவிடும்.

எத்தனை கிளை வைப்பது என்பதில்தான் கை கூசும். 65 சதுர அடிப் பரப்பில் சதுர அடிக்கு ஒரு தளிர் என்பது என் கணக்கு. நான்கு கணு வைத்த ஒரு கிளையிலிருந்து ஒன்றிரண்டு நல்ல தளிர் வரும். ஆகவே கொடிக்கு 35 அல்லது 40 கிளைக்கு மேல் வைப்பது, அடுத்த பருவத்தின் இருட்டுக்கு இன்றே முதல் போடுவது. வெட்டிய குச்சிகளைப் பந்தலிலேயே தொங்கவிடாமல் தோட்டத்தை விட்டு வெளியேற்றிவிடுங்கள்.

பச்சைக் கவாத்து: நாற்பது நாள் வேலை

கத்தரி வேலை ஒரே மூச்சில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு செய்யும் கைவேலையைத்தான் பெரும்பாலோர் தள்ளிப்போடுகிறார்கள். என்னைக் கேட்டால், கூலிக்குப் பணம் குறைவாக இருந்தால் வேறு எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள், இதில் வேண்டாம்.

வெட்டிய ஒன்றரை, இரண்டு வாரத்தில் மொட்டு வெடித்து, தளிர் நாலைந்து இலை விட்டிருக்கும். கொத்து இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியும் பருவம் இது. ஒரே கணுவில் இரண்டு தளிர் வந்திருந்தால் ஒன்றை எடுங்கள். கொத்து இல்லாத தளிர்களில், அடுத்த பருவத்துக்குக் கிளை வேண்டிய இடத்தில் இருப்பதை மட்டும் விட்டு மற்றவற்றைக் கையால் ஒடித்துவிடுங்கள். இந்தப் பதத்தில் விரலால் தள்ளினாலே தளிர் கழன்றுவிடும், காயமும் சிறியது. இரண்டு வாரம் தாமதித்தால் கத்தரி வேண்டும், அதற்குள் அது தின்ற உணவும் போச்சு.

பிறகு தளிர்களைப் பந்தலில் பரப்பிக் கட்டுவது. தளிர் தானாக விழுந்த இடத்தில் விட்டால் காற்று எல்லாவற்றையும் ஒரே பக்கம் ஒதுக்கிவிடும். ஒவ்வொன்றையும் அதனதன் வெற்றிடத்துக்குத் திருப்பிக் கம்பியில் கட்டுங்கள். சுருள்களைக் கிள்ளிவிடுங்கள். விட்டால் அவை பக்கத்துத் தளிரையும் குலைக்காம்பையும் சேர்த்துப் பின்னி, ஒரு முடிச்சாக ஆக்கிவிடும்.

பூக்கும் நேரத்தில், அதாவது 35, 40 நாளை ஒட்டி, அடி மொட்டுகளின் விதி எழுதப்படும் காலம் தொடங்குகிறது. இப்போது பார்க்க வேண்டியது இலைக்கக்கத்தில் கிளம்பும் பக்கக் கிளைகளை. குலைக்குக் கீழும் குலையை ஒட்டியும் உள்ள கணுக்களில் வருபவற்றை ஓர் இலை மட்டும் விட்டுக் கிள்ளுங்கள். அடியோடு பிடுங்கினால் பக்கத்தில் இருக்கும் மொட்டு உசுப்பப்பட்டு இப்போதே வெடித்துவிடக்கூடும். அந்த ஓர் இலை அதற்குக் காவல். பிரதான தளிர் 12 முதல் 15 கணு வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். ஒரு குலையைச் சுவையாகப் பழுக்கவைக்க ஏறக்குறைய அத்தனை இலைகள் போதும். அதற்கு மேல் விடும் ஒவ்வோர் இலையும் வேறொரு தளிரின் அடி மொட்டை மூடும்.

இலை கிள்ளுவதில் கை அடக்கம் வேண்டும். தளிரின் அடியில் உள்ள ஒன்றிரண்டு முதிர்ந்த இலைகள், குலையை உரசிக்கொண்டும் மொட்டை மூடிக்கொண்டும் இருப்பவை, போகலாம். குலைக்கு மேலே பந்தல் பரப்பில் உள்ள இலைகளைத் தொடாதீர்கள். முக்கியமாக டிசம்பர் கவாத்துத் தோட்டத்தில், மார்ச், ஏப்ரல் வெயில் நேராகக் குலையில் விழுந்தால் காய் வெந்து பழுப்பேறிவிடும். அடர்ந்து கிடந்த பந்தலை ஒரே நாளில் அரித்து வெளுத்துவிடுவதும் இதே கேட்டைத்தான் செய்யும். நிழலுக்குப் பழகிய காய்க்குத் திடீர் வெயில் ஆகாது. வாரம் ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக, காலைப் பனி உலர்ந்த பிறகு செய்யுங்கள்.

பன்னீர் திராட்சைக்கு இன்னொரு குறை உண்டு. ஒரே குலையில் கருத்த காய்க்கு நடுவே பச்சைக் காயும், விதையில்லாமல் சிறுத்துப்போன காயும் நிற்கும். பல காரணங்களில் நிழலும் ஒன்று. நிழலில் நின்ற குலை சர்க்கரை சேர்க்கவும் நிறம் ஏறவும் தாமதிக்கும். சந்தைக்காரர் விலையைக் குறைக்க முதலில் விரல் வைப்பது அந்தப் பச்சைக் காய் மீதுதான்.

மழை மேகம் இருக்கும் மாதங்கள்

தென்மேற்குப் பருவக்காற்று கணவாய்கள் வழியாகப் பள்ளத்தாக்கில் புகும் ஜூன், ஜூலையில் வானம் மூடியே கிடக்கும் நாட்கள் பல. மே, ஜூனில் கவாத்து செய்த தோட்டத்தில் மொட்டு உருவாகும் காலம் சரியாக இதில் மாட்டிக்கொள்கிறது. மேலேயே வெயில் குறைவு, கீழே இலையும் மூடினால் அடுத்த கவாத்தில் கொத்து குறையாமல் என்ன செய்யும்? உரத்தைக் குற்றம் சொல்வார்கள், மருந்துக்கடைக்காரர் ஒரு புட்டியைக் கொடுப்பார். அந்தப் பருவத்துக்கு மட்டும் வழக்கத்தைவிடச் சில கிளைகளைக் குறைத்து வையுங்கள், பக்கக் கிளை கிள்ளுவதை ஒரு சுற்று கூடுதலாகச் செய்யுங்கள். நான் சொல்லக்கூடிய நேர்மையான மருந்து இதுதான்.

மழைக்காலத்தில் திறந்த பந்தலுக்கு இன்னொரு பயனும் உண்டு. அடிச்சாம்பல் நோய்க்கு இலையில் ஈரம் நிற்க வேண்டும். பூசணம் புகுவதும் வெளிவருவதும் பெரும்பாலும் இலையின் அடிப்பக்கம். காற்று நுழையும் பந்தலில் இலை சீக்கிரம் உலரும், அடிக்கிற மருந்தும் அடிப்பக்கத்தைத் தொடும். அடைந்து கிடக்கும் பந்தலில் மருந்து மேலிலையை நனைத்துவிட்டுச் சொட்டும்.

தழைச்சத்தும் தண்ணீரும் அளவு மீறினால் எந்தக் கவாத்தும் பந்தலைத் திறந்து வைக்காது. கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளை வெடித்துக்கொண்டே இருந்தால் ஆள் கூலியைக் கூட்டாதீர்கள், யூரியாவைக் குறையுங்கள். கரும்பச்சையாக, மேகம் போல் மூடிய பந்தலைப் பார்த்து “நல்லா நிறைஞ்சு கிடக்கு” என்று பாராட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. விவசாயிக்கு அந்தப் பாராட்டு வேண்டாம்.

பழைய பந்தலில் தண்டைச் சுற்றிக் கைகள் மொட்டையாகிப் போயிருந்தால், தண்டுக்கு அருகில் வரும் ஒரு தளிரை ஒடிக்காமல் வளர்த்து, பழைய கையின் இடத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒரு பருவத்துக்கு ஒரு பக்கத்து முதல் கையை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் ஒன்றாக வெட்டினால் அந்த ஆண்டு வருமானம் போகும்.

பந்தல் திறந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது

கருவி எதுவும் வேண்டாம். கவாத்து செய்து ஒன்றரை மாதம் ஆன தோட்டத்தில், மேகம் இல்லாத நாளில், உச்சி வேளையில் பந்தலுக்கு அடியில் நில்லுங்கள். தரையில் காசு காசாக வெயில் சிதறி, காற்றில் இலை அசையும்போது அந்தப் புள்ளிகளும் இடம் மாற வேண்டும். தரை முழுவதும் ஒரே நிழலாக இருந்தால் அடி மொட்டுக்கு வெயில் இல்லை. கட்டம் கட்டமாகப் பெரிய வெயில் விழுந்தால், அந்த இடத்தில் இலை இல்லாமல் வெயில் மண்ணில் வீணாகிறது. பக்கத்துத் தளிரை அங்கே திருப்பிக் கட்டுங்கள். அடுத்து, கையை உயர்த்திக் குலைக்குப் பக்கத்து இலைகளைப் புரட்டுங்கள். உட்புறத்தில் மஞ்சளான இலைகள் கையோடு உதிர்ந்தால், அங்கே இருட்டு பல நாளாகவே இருக்கிறது.

கவாத்துக்கு முன் கணு எண்ணிக்கையை முடிவு செய்ய, மொட்டைக் குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பார்த்து, எந்தக் கணுவில் கொத்து உருவாகியிருக்கிறது என்று அறியும் முறை ஒன்று உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒவ்வொரு தோட்டத்துக்கும் இப்படிப் பார்த்தே கணுவை முடிவு செய்யச் சொல்கிறது. பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் தேனி மாவட்டத்திலேயே ஆனைமலையன்பட்டியில் இருக்கிறது. அடுத்த கவாத்துக்குத் தேதி குறிப்பதற்கு முன், பந்தலின் வெயில் பகுதியிலிருந்து சில கிளைகளும் நிழல் பகுதியிலிருந்து சில கிளைகளும் தனித்தனியாகக் கட்டி எடுத்துக்கொண்டு அங்கே போய்க் கேளுங்கள்.